இலச்சினையைக் காவிப்படமாக்கல்: கட்டற்ற மென்பொருளைத் தேருமாறு

விழா எடுக்குங் காலத்தில் ஒரு கல்லூரியின் இலச்சினை எங்கணும் வேண்டப்படும். மலரின் அட்டையிலே பெருவிரலளவாயும், வாயிற் பந்தரிலே ஆளுயரமாயும், பதக்கத்திலே நாணய அளவாயும், கொடியிலே தையல் வேலையாயும் அஃது அமைதல் வேண்டும். அப்பொழுது விழாக் குழுவினர் பழைய ஆண்டு மலரொன்றைத் தேடியெடுத்து, அதன் முகப்பிலுள்ள இலச்சினையைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்புவர். பெருக்கி அச்சிட்டு வரும் பதாகையிலே வட்டங்கள் படிக்கட்டுக்களாகவும் தாமரையிதழ்கள் பஞ்சுப் பொதிகளாகவும் தோன்றும். இஃது அச்சகத்தார் குறையன்று. அனுப்பிய படத்தின் இயல்பால் நேர்வது.

சித்திர ஆசிரியர் வரைந்த மூலப்படம் கையிலிருப்பின் இத்தொல்லை இல்லை. ஆயின் நம் நாட்டுத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் மூலப்படமும் இல்லை, அதிலிருந்து செய்த அச்சுப் புளொக்கும் இல்லை. கறையான் அரித்தவை சில. போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்தவை பல. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது நாம் இழந்தவற்றை எண்ணிப் பார்ப்பார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. எஞ்சியிருப்பவை பழைய மலர்களின் அச்சுப் பிரதிகளும், அவற்றை ஸ்கான் செய்து வைத்த பக்கங்களுமேயாம். அவ்வச்சுப் பிரதியிலிருந்து இலச்சினையைத் தெளிவாக மீட்டெடுக்கக் கட்டற்ற மென்பொருள்கள் பல உள. அவற்றுள் எதனை எவ்வேலைக்குத் தேர்வது, தேர்ந்தபின் எதனைக் காத்துக்கொள்வது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

இருவகைப் படங்கள்

கணினி படங்களை இரண்டு வகையாகப் பேணும். முதலாவது பிற்மப் எனப்படுவது. கணித பாடத்துச் சதுரக்கோட்டுக் கொப்பியை நினைத்துக் கொள்க. அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நிறந் தீட்டி ஓர் உருவத்தைக் காட்டுவது போன்றது பிற்மப். அக்கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். ஸ்கானரும் கைத்தொலைபேசியும் தருவன யாவும் பிற்மப் படங்களே.

இரண்டாவது வெக்டர் எனப்படுவது. வெக்டரை நம் கணித நூல்கள் காவி என வழங்குதலின், இதனைக் காவிப்படம் என்போம். இதிலே கட்டங்கள் இல்லை. வட்டமொன்று வேண்டுமாயின், மையத்தின் ஆள்கூறுகளும் ஆரையின் நீளமுமே எழுதப்பட்டிருக்கும். வளைந்த கோடு வேண்டுமாயின், இரு முனைகளும், அவ்வளைவை இழுத்து நிறுத்தும் இரு புள்ளிகளும் குறிக்கப்பட்டிருக்கும். இவ்வளையிகளை மோட்டார் வண்டியின் உடலை வரைவதற்காகப் பிரான்சு நாட்டில் சித்ரோயன் நிறுவனத்தில் போல் டி காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேயும் தனித்தனியே வகுத்தனர். பின்னவர் பெயரால் அவை பெசியே வளையிகள் எனப்படுகின்றன. அளவை மாற்றும்போது கணினி வளையியைப் புதிதாக வரையுமாதலின், எத்துணை பெருக்கினும் விளிம்பு கூர்மை கெடாது.

கணக்கொன்று காண்போம். மலரிலே 5 சென்றிமீற்றர் அகலமுள்ள இலச்சினையை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கான் செய்தால் அகலத்தில் ஏறத்தாழ 590 பிக்சல்கள் அமையும். அதனை 2 மீற்றர் அகலப் பதாகையாகப் பெருக்கினால், ஒவ்வொரு பிக்சலும் 3.4 மில்லிமீற்றர்ச் சதுரமாகிவிடும். படிக்கட்டு வந்த காரணம் இதுவே. காவிப்படமாயின் இக்கணக்கிற்கே இடமில்லை.

பிற்மப்பைக் காவிப்படமாக்குதல் நமக்குப் புதிய தொழிலன்று. கீழ்வகுப்பிலே தேசப்படத்தின்மேல் எண்ணெய்த்தாளை வைத்து இலங்கையின் கரையைப் பென்சிலால் வரைந்தெடுத்தோமன்றோ? அதனையே மென்பொருள் செய்கின்றது. ஆயின் பருத்தித்துறை முனை எது, தாளிற் பட்ட மைத்துளி எது என்பதை மாணவன் அறிவான், மென்பொருள் அறியாது. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

விலையின்மையும் கட்டின்மையும்

விலையில்லாது கிடைப்பன எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில இணையத்தளங்கள் படத்தைத் தம்மிடம் அனுப்பச் செய்து, மாற்றித் திருப்பித் தரும். அவை இன்று விலையின்றித் தரினும் நாளை பணங் கேட்கலாம். தளமே மறைந்தும் போகலாம். கட்டற்ற மென்பொருளின் இயல்பு வேறு. 1983ஆம் ஆண்டு அமெரிக்கராகிய றிச்சர்ட் ஸ்ரோல்மன் குனூ என்னுந் திட்டத்தை அறிவித்தார். எந்நோக்கத்துக்கும் இயக்குதல், உள்ளமைப்பைக் கற்றுத் திருத்துதல், பிரதி செய்து பிறர்க்கு வழங்குதல், திருத்தியதை வெளியிடுதல் என்னும் நான்கு உரிமைகளைப் பயன்படுத்துவார்க்கு அளிப்பதே கட்டற்ற மென்பொருள் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை.

கல்லூரிக்கு இது பொருந்துமாறு யாதெனில், ஒரு பிரதியை எடுத்துக் கணினிக் கூடத்திலுள்ள எல்லாக் கணினிகளிலும் அமைக்கலாம். மாணவர் வீட்டுக்கும் கொண்டுசெல்லலாம். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அன்றியும், இம்மென்பொருள்கள் எழுதித் தரும் எஸ்.வி.ஜி. என்னும் கோப்பு வடிவம் உலகளாவிய வலை அமைப்பு 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது நியமமாகும். அது வெறும் எழுத்தாலாகிய கோப்பு. எந்த எழுத்துப் பதிப்பானிலும் திறந்து வாசிக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து அடுத்த விழாக் குழுவினர் அதனைத் திறத்தல் வேண்டும் என்று கருதுவார்க்கு இது சிறிய நன்மையன்று.

மென்பொருள்கள் நான்கு

முதலாவது பொட்ரேஸ். பீற்றர் செலிங்கர் என்னுங் கணிதப் பேராசிரியர் எழுதி வெளியிட்டது. கருமை வெண்மை ஆகிய இரண்டே நிறமுள்ள படங்களுக்கு உரியது. இது முதலிற் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட எல்லையைத் தொடர்ந்து செல்லும். பின் அவ்வெல்லைக்கு மிகவும் பொருந்திய பல்கோணியைக் காணும். அதன்பின் பல்கோணியின் மூலைகளுள் எவை கூராய் நிற்கத்தக்கன, எவை வளையத்தக்கன என்று தீர்மானித்து வளையிகளை அமைக்கும். பல்கோணிவழி வரைதல் என்பதன் குறுக்கமே அதன் பெயர். விசைப்பலகையிற் கட்டளை எழுதி இயக்க வேண்டுவதும், ஜேபெக், பி.என்.ஜி. வடிவங்களை நேரே ஏலாமையும் இதன் குறைகள்.

இரண்டாவது இங்க்ஸ்கேப். சோடிபோடி என்னும் வரைவு மென்பொருளினின்று 2003ஆம் ஆண்டிற் பிரிந்து வளர்ந்தது. இது முழுமையான வரைவுக்கூடம். ‘பாத்’ என்னும் பட்டியலில் ‘ட்ரேஸ் பிற்மப்’ என்பதைத் தெரிந்தால், அதனுள்ளே பொட்ரேஸே வேலை செய்யும். கட்டளை எழுத வேண்டா, முன்னோட்டம் பார்க்கலாம், வரைந்தெடுத்ததை அங்கேயே திருத்தலாம். புதிதாகக் கற்பார்க்கு இதுவே தக்கது.

மூன்றாவது ஓட்டோட்ரேஸ். இதன் சிறப்பு நடுக்கோட்டு முறையாம். பேனாக் கோடொன்றைப் பொட்ரேஸ் இரு கரையுள்ள ஓர் உருவமாகக் கொள்ளும். ஓட்டோட்ரேஸோ அதன் நடுவே செல்லும் ஒற்றைக் கோடாகவும் வரைந்தெடுக்க வல்லது. கையொப்பம், பொறியியல் வரைபடம், தையல் இயந்திரத்துக்கும் செதுக்குப் பொறிக்கும் உரிய கோடுகள் ஆகியவற்றுக்கு இம்முறை வேண்டும். 2020ஆம் ஆண்டு வெளிவந்த இங்க்ஸ்கேப் 1.0 பதிப்பு முதலாக இம்முறையையும் அதனுள்ளேயே பயன்படுத்தலாம்.

நான்காவது வி-ட்ரேசர். முன்னையவற்றிலும் இளையது, பல நிறப் படங்களுக்காகவே அமைக்கப்பட்டது. ஒத்த நிறமுள்ள பகுதிகளைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் எல்லையையும் வரைந்தெடுக்கும். இங்க்ஸ்கேப்பின் பல்நிற முறை நிறத்துக்கு ஒருமுறையாகப் படத்தைத் திரும்பத் திரும்ப நோக்குவது. நிறங்கள் மிகுமிடத்து வி-ட்ரேசரே எளிது.

ஆகவே தேர்வு, மென்பொருளின் புகழைக் கொண்டன்று, படத்தின் இயல்பைக் கொண்டே அமைதல் வேண்டும். ஒருநிற இலச்சினைக்கு இங்க்ஸ்கேப். நூற்றுக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்களை ஒரே முறையில் மாற்றுவதற்குப் பொட்ரேஸ். கையொப்பத்துக்கும் கோட்டு வேலைக்கும் ஓட்டோட்ரேஸ். வண்ணச் சின்னங்களுக்கு வி-ட்ரேசர். அதிபர்களின் நிழற்படங்களை எதற்கும் உட்படுத்தலாகாது. முகத்தின் மெல்லிய நிழல் வேறுபாடுகள் ஆயிரக்கணக்கான திட்டுக்களாகிக் கோப்பும் பெருக்கும், முகமும் கெடும். நிழற்படம் பிற்மப்பாகவே இருக்கத்தக்கது.

ஏமாற்றமொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். சில மாற்றிகள் பிற்மப்பை அப்படியே எஸ்.வி.ஜி. கோப்பினுள் வைத்துப் பொதிந்து தந்துவிடும். உறை புதிது, உள்ளே பழைய கட்டங்களே. கோப்பை எழுத்துப் பதிப்பானில் திறந்து பார்க்க. ‘பாத்’ என்னுஞ் சொல்லும் அதனைத் தொடர்ந்து எண்வரிசையும் இருப்பின் அது மெய்யான காவிப்படம். ‘இமேஜ்’ என்னுஞ் சொல்லும் பொருளற்ற எழுத்துக் குவியலும் மட்டுமே இருப்பின் அது பொதியே. இச்சோதனைக்கு ஒரு நிமிடமும் ஆகாது.

புள்ளியைக் காத்தல்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய பொருளுக்கு வருவோம். விழாவொன்றில் ஒரு பாடசாலையின் பெரும் பதாகையை யாம் கண்டோம். விளிம்புகள் கூர்மையாயிருந்தன, வட்டம் வட்டமாயிருந்தது, தாமரை தாமரையாயிருந்தது. ஆயின் அடியிலுள்ள பட்டியில் எழுதிய வாசகத்தில் ‘கல்வி’ என்னுஞ் சொல்லின் நடுவெழுத்துத் தன் புள்ளியை இழந்திருந்தது. அங்ஙனம் இழந்த சொல் யாது பொருள் தரும் என்பதை ஈண்டு எழுதோம். தமிழ் கற்றார் அறிவர். மேடையிலிருந்த பெரியோர் ஒருவரும் அதனை நோக்கினாரல்லர். பின்வரிசை மாணவர் அனைவரும் நோக்கினர்.

புள்ளி எங்ஙனம் மறைந்தது? பழைய தாளிலே தூசியும் மைத்துளியும் இருக்கும். அவை படத்தில் வாராதிருத்தற்பொருட்டு, குறித்த எண்ணிக்கைக்கு மேற்படாத பிக்சல்களால் ஆகிய துணுக்குக்களை விட்டுவிடுமாறு பொட்ரேஸுக்குக் கட்டளையிடலாம். இங்க்ஸ்கேப்பில் அதன் பெயர் ‘ஸ்பெக்கிள்ஸ்’. இயல்பாக அவ்வெல்லை 2 பிக்சல். தூசி போகவில்லையென்று கண்டவர் அதனை 20 ஆகவும் 50 ஆகவும் உயர்த்துவர். தூசி போகும், அதனோடு மெய்யெழுத்தின் புள்ளியும் போகும். ஆங்கில வாசகத்திற்குச் சிற்றெழுத்து இரண்டின் மேல்மட்டுமே இவ்விடர். தமிழிலோ சொல்தோறும் இவ்விடர் உண்டு.

இதனையும் கணக்கிட்டுக் காண்க. வாசகத்தின் புள்ளி 0.4 மில்லிமீற்றர் விட்டமுடையது என்று கொள்வோம். அங்குலத்துக்கு 150 பிக்சலில் ஸ்கான் செய்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 4 பிக்சல், 300இல் 17, 600இல் 70. எல்லையை 20 என்று வைத்தவர்க்கு முதலிரண்டிலும் புள்ளி அழியும், மூன்றாவதிலே நிலைக்கும். பத்திலொரு மில்லிமீற்றர்த் தூசி 600இலும் 4 பிக்சல் பரப்பே கொள்ளும். ஆதலின் 600இல் ஸ்கான் செய்து, எல்லையை 10 அளவில் நிறுத்தினால் தூசி நீங்கும், புள்ளி நிற்கும். தூசிக்கும் புள்ளிக்கும் உள்ள விகிதம் எவ்வளவில் ஸ்கான் செய்யினும் ஒன்றே. ஆயின் எண்கள் பெரியனவாகுந்தோறும் இடையிலே எல்லையிடுதல் எளிதாகின்றது. புள்ளியும் சிதைந்த துணுக்காயன்றி வட்டமாய் வரும். மிகுந்த தூசியைக் கையாலே அழித்தல் தகும்.

கருமையினுள்ளே உள்ள வெண்மைக்கும் அக்கட்டளை ஒக்கும். ண, ன ஆகிய எழுத்துக்களின் சுழிக்கண்கள் சிறியனவாயின் அவையும் அடைபட்டுப்போம். ஆகவே வரைந்தெடுத்த பின்னர் வாசகத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளில் ஓலை கிழியாதிருத்தற்பொருட்டுப் புள்ளியிடாது எழுதினர். அவ்வேடுகளை ஆய்ந்து அச்சேற்றிய ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், எது மெய் எது உயிர்மெய் என்பதை இடமறிந்து துணிந்து புள்ளி கொடுத்தனர். அவர்கள் இட்ட புள்ளியை நாம் ஒரு பொத்தானை அழுத்தி அழித்தல் முறையாகாது.

வாசகத்தை வரைந்தெடாது, இக்காலக் கணினி எழுத்துருவொன்றால் புதிதாய் எழுதிவிடலாமே என்பார் உளர். எளிய வழிதான், ஆயின் பழைய இலச்சினைகளில் ணா, றா, னா, லை, ளை முதலியன பழைய கூட்டெழுத்து வடிவில் இருக்கும். தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையிட்டதன் பின்னர் அவ்வடிவங்கள் படிப்படியே வழக்கொழிந்தன. இக்கால எழுத்துருக்களிற் பெரும்பாலனவற்றில் அவை வாரா. எழுத்துருவால் மாற்றினால் இலச்சினையின் வயதை மாற்றியவராவோம். எனவே வாசகத்தையும் வரைந்தெடுத்தலே நேரிது.

செய்முறை

கையிலுள்ள பிரதிகளுள் தெளிவான ஒன்றைத் தேர்க. கோட்டுப் புளொக்கால் அச்சிட்டதையே கொள்க. நிழற்படம்போல நுண்ணிய குற்றுக்களால் அச்சிட்டதாயின், மென்பொருள் ஒவ்வொரு குற்றையும் தனியுருவமாகக் கொள்ளும். அத்தகைய படந்தவிர வேறில்லையாயின், கிம்ப் என்னுங் கட்டற்ற மென்பொருளால் அதனைச் சிறிது மங்கலாக்கி, பின் கருமை வெண்மையாகப் பிரித்துக்கொள்க.

கைத்தொலைபேசியைத் தவிர்த்து ஸ்கானரிலே 600 பிக்சல் வீதம் ஸ்கான் செய்க. ஜேபெக் வடிவம் எழுத்துக்களைச் சுற்றி நிழற்கறை உண்டாக்குமாதலின், பி.என்.ஜி. அல்லது ரிப் வடிவிற் சேமிக்க. இங்க்ஸ்கேப்பிற் கொணர்ந்து ‘ட்ரேஸ் பிற்மப்’பைத் திறக்க. ஒளியெல்லை இயல்பாக 0.45 என இருக்கும். மை வெளிறியிருப்பின் அதனை உயர்த்துக; மை பரந்து எழுத்துக்கள் ஒட்டியிருப்பின் தாழ்த்துக. ‘ஸ்மூத் கோணர்ஸ்’ என்பது மூலைகளை மழுக்கும் அளவு. கேடயத்தின் மூலை கூராய் நிற்றல் வேண்டுமாயின் அதனைக் குறைக்க.

வரைந்தெடுத்த பின் மூலப்படத்தை அடியில் வைத்து ஒப்பிடுக. வட்டம் என்று அறிந்ததனை வட்டக் கருவியாலும், நேர்கோடு என்று அறிந்ததனைக் கோட்டுக் கருவியாலும் மீள வரைக. மென்பொருள் வரைந்தெடுக்கும் வட்டம் அச்சு மையின் நடுக்கத்தையும் உடன் கொண்டிருக்கும். இறுதியாக, இலச்சினையை வாசிக்கத் தெரிந்த ஒருவர், அதனை வரைந்தவரல்லாதவர், ஒருமுறை பார்த்தல் வேண்டும். அச்சுப் படியைப் பிறிதொருவர் திருத்தும் பழைய வழக்கமே இது.

மென்பொருளுக்கு இயலாததையும் அறிந்திருத்தல் நன்று. தாளில் இல்லாததை அது தாராது. பழைய மலரிலே விளக்கின் சுடர் மைபரந்து அழிந்திருப்பின், அழிந்த சுடரையே கூர்மையாக வரைந்து தரும். அங்கே வேறு ஆண்டுகளின் மலர்களையும், பழைய சான்றிதழ்களையும், பரிசு நூல்களில் ஒட்டிய தாள்களையும் ஒப்பிட்டு நோக்குதல் ஒன்றே வழி. பழைய மாணவர் பலர் வீட்டில் அவை பெட்டியிலே கிடக்கும். நூலகம் நிறுவனம் போன்றார் ஸ்கான் செய்து வைத்த பழைய வெளியீடுகளும் துணையாகும்.

வேலை முற்றியபின் நான்கு பொருள்களைக் கல்லூரி நூலகத்தில் வைத்தல் வேண்டும்: ஸ்கான் செய்த மூலப்படம், எஸ்.வி.ஜி. கோப்பு, அச்சகத்துக்குரிய பி.டி.எப். கோப்பு, எம்மலரிலிருந்து, எம்மென்பொருளால், எவ்வளவுகளை வைத்துச் செய்யப்பட்டது என்று எழுதிய ஒரு தாள். நான்காவதை எழுதுவார் அரியர். அஃதில்லாவிடின் அடுத்த தலைமுறை மீண்டும் கைத்தொலைபேசியோடு பழைய மலரைத் தேடும்.

இவ்வேலையை வெளியார்க்குக் கூலி கொடுத்துச் செய்விப்பதினும், கணினிக் கூடத்து மாணவர் நால்வரிடம் ஒப்புவித்து, தமிழாசிரியர் ஒருவரையும் சித்திர ஆசிரியர் ஒருவரையும் அருகிருத்துதல் நலமென்பது எம் கருத்து. மாணவர் வளையிகளைக் கற்பர். ஆசிரியர் சுடரையும் புள்ளியையும் காப்பர். தாம் அன்றாடம் சட்டைப்பையில் அணியும் இலச்சினையில் எத்தனை புள்ளிகள் உள என்பதை அம்மாணவர் அதன்பின் மறவார்.